குதிரைக்கு சர்ரா, கஸ்தூரிக்கு டைபாய்டு

மேலதிகாரி எந்த நோயின் பெயரைச் சொல்கிறாரோ அந்த நோய்தான் மிருகத்துக்கு வந்திருக்கிறது என்று நம்புகிறவர்கள் இதை மேற்கொண்டு படிக்க வேண்டாம். அவர்களுக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது. பதவி உயர்வு வரும், ஜீப் வரும், ஓய்வு பெறும்போது சந்தன மாலை போடுவார்கள். எனக்கு ரோஜா மாலைதான் போட்டார்கள், அதுவும் பாதி வாடியது. மற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் கால்நடை மருத்துவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று ஆண்டு மலர் போடுகிற பிள்ளைகள் கேட்டார்கள். ஊக்கம் தருவதாக இருக்கட்டும் என்றும் சொன்னார்கள். ஊக்கம் வேண்டுமென்றால் வாசலில் டீக்கடை இருக்கிறது. நான் உண்ணியைப் பற்றி எழுதுகிறேன்.

உண்ணி உங்களுக்குச் சின்ன விஷயம். கல்லூரியில் அதன் படத்தை வரைந்து மதிப்பெண் வாங்கியதோடு சரி. வேலைக்கு வந்த பிறகு யாராவது மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்து உண்ணி இருக்கிறது என்றால், ஒரு தெளிப்பு மருந்தின் பெயரைச் சீட்டில் கிறுக்கிவிட்டு அடுத்த மாட்டைக் கூப்பிடுவீர்கள். அந்த உண்ணி யாரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டு வந்தது, அதை யாரிடம் கொண்டுபோய் விடும் என்று யோசிக்க மாட்டீர்கள். இதற்காக உங்களை மட்டும் திட்டுவது நியாயமில்லை. எங்கள் காலத்திலும் யாரும் யோசிக்கவில்லை, யோசிக்காமலேயே நல்ல பெயர் வாங்கினார்கள். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

எண்பதுகளின் பிற்பாதி. எனக்கு ஆவடிப் பக்கம் ஒரு கால்நடை மருந்தகத்தில் வேலை, அம்பத்தூரில் வீடு. பெண் கால்நடை மருத்துவர் என்றால் அன்று ஒரு வேடிக்கைப் பொருள். மாடு ஓட்டி வருகிறவர்கள் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, டாக்டர் எங்கே என்று என்னிடமே கேட்பார்கள். நான்தான் என்றால், பெரிய டாக்டர் எப்போது வருவார் என்பார்கள். கொஞ்ச நாளில் பழகிவிட்டது.

அயனம்பாக்கம் ஏரிக்கரையில் தேவசகாயம் என்றொருவர் குதிரை லாயம் வைத்திருந்தார். தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற தெக்கத்திக்காரர். 'டிசிப்ளின்' என்ற சொல் இல்லாமல் அவர் வாயிலிருந்து ஒரு வாக்கியம் வராது. பந்தயத்தில் ஓடி ஓய்ந்த குதிரைகளை வாங்கி மாப்பிள்ளை ஊர்வலத்துக்கும் சினிமாப் படப்பிடிப்புக்கும் வாடகைக்கு விட்டார். அவற்றில் ராஜா என்ற வெள்ளைக் குதிரைக்குத்தான் கிராக்கி. பூந்தமல்லியிலிருந்து அம்பத்தூர் வரை எல்லா மாப்பிள்ளைகளும் ராஜாமேல் ஏற ஆசைப்படுவார்கள், ஏறியதும் இறங்க ஆசைப்படுவார்கள்.

ஏரிக்கரைப் புல்லில் உண்ணி மண்டிக் கிடந்தது. லாயத்து வாசலில் படுத்திருந்த நாய்களின் காதுகள் உண்ணியால் தடித்துத் தொங்கின. ஆனால் தேவசகாயம் மருந்து தெளிக்க விடமாட்டார். தெளித்தால் வெள்ளை முடி பழுப்படிக்குமாம். அந்த நாற்றத்துக்குக் குதிரை தும்முமாம், தும்மி உலுக்கினால் மாப்பிள்ளையின் தலைப்பாகை விழுமாம், பெண் வீட்டார் அதைச் சகுனம் என்று பிடித்துக்கொள்வார்களாம். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போய் முன் பெஞ்சில் உட்காருகிற மனிதர், முகூர்த்தக் காலத்தில் மட்டும் சகுனத்தில் அப்படி ஒரு நம்பிக்கை வைத்திருந்தார்.

மருந்துக்குப் பதிலாக அவர் வைத்திருந்தது கஸ்தூரியை. லாயத்தில் குதிரைகளைப் பார்த்துக்கொண்ட ஏழுமலையின் மனைவி. லாயத்துக்குப் பின்னால் ஓலைக் குடிசையில் இருந்தார்கள். ஒவ்வொரு ஊர்வலத்துக்கும் முன்னால் அவள் ராஜாவின் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து காது, பிடரி, தொடையிடுக்கு எல்லாம் தடவி உண்ணி எடுப்பாள். பேன் பார்த்துப் பழகிய கை. எடுத்த உண்ணியை இடது கட்டைவிரல் நகத்தின்மேல் வைத்து வலது நகத்தால் ஒரு அழுத்து. பட்டென்று வெடித்து ரத்தம் தெறிக்கும். அதைப் புடவையில் துடைத்துவிட்டு, அதே கையால் கண்ணில் வழிகிற வியர்வையையும் துடைத்துக்கொள்வாள். மெஷின் மாதிரி வேலை செய்வாள் என்று தேவசகாயம் வருகிறவர்களிடம் காட்டிப் பெருமைப்படுவார்.

நசுக்காதே, ஒரு டப்பாவில் மண்ணெண்ணெய் ஊற்றி அதில் போடு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவு என்று நான் அவளிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். அவள் சிரித்தாள். "கிருஷ்ணாயிலு எங்க அடுப்புக்கே பத்தலம்மா. உண்ணிக்கு ஊத்துறதா?" என்றாள். நியாயமான கேள்விதான். அதைக் காதில் வாங்கியிருக்க வேண்டியவர் அவளுடைய முதலாளி. அவர் அந்த நேரத்தில் ராஜாவின் வாலுக்கு வாசனை எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

வைகாசி முகூர்த்தங்கள் நெருங்கும்போது ராஜா படுத்துக்கொண்டது. நல்ல காய்ச்சல், கொள்ளுத் தீனியைத் தொடவில்லை. கால்கள் நான்கும் வீங்கியிருந்தன, ஈறு மஞ்சளடித்திருந்தது, எழுப்பி நடத்தினால் குடித்தவனைப் போலத் தள்ளாடியது. மருந்து எதுவும் போடுவதற்கு முன்னால் ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி எடுத்துக்கொண்டேன். இந்த ஒன்றை மட்டுமாவது மனதில் வையுங்கள். மருந்தைக் குத்திவிட்டு ரத்தம் எடுக்கிறவர், திருடன் ஓடிய பிறகு வீட்டைப் பூட்டுகிற ஆள்.

அதற்குள் தேவசகாயம் என்னைத் தாண்டிப் போய் மேலதிகாரியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஜீப் வந்தது, அவரும் வந்தார். காலணிக்கு அன்றுதான் பாலிஷ் போட்டிருந்தார் போலும், சாணத்துக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார். அங்கிருந்தே குதிரையைப் பார்த்து சர்ரா என்றார். சர்ரா என்பது ஈ கடித்துப் பரப்புகிற நோய், அது உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் துறையில் காய்ச்சல் வந்த குதிரைக்கெல்லாம் சர்ரா, காய்ச்சல் இல்லாத குதிரைக்கெல்லாம் வயிற்று வலி. இந்த இரண்டையும் தெரிந்துகொண்டால் குதிரை வைத்தியத்தில் நிபுணர் ஆகிவிடலாம்.

நான் மருந்தகத்துக்கு ஓடி, தகட்டுக்குச் சாயம் போட்டுப் பார்த்தேன். சர்ரா கிருமி ஒன்றுகூட இல்லை. வெள்ளணுக்களுக்குள்ளே பொடிப் பொடியாக ஏதோ கொத்துக் கொத்தாக உட்கார்ந்திருந்தது, சின்ன முசுக்கட்டைப் பழம் போல. உண்ணி வழியாக வருகிற பாக்டீரியா அப்படித்தான் தெரியும் என்று வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றில் படம் பார்த்திருந்தேன். அன்று அதற்கு எர்லிக்கியா என்று பெயர். பிறகு பெயரை மாற்றிவிட்டார்கள், உண்ணிக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. நான் பார்த்தது அதுதான் என்று இன்று சத்தியம் செய்ய மாட்டேன், அதை உறுதிசெய்கிற வசதி அன்று எங்களுக்குக் கிடையாது. அது சர்ரா இல்லை என்று மட்டும் எந்தக் கோவிலிலும் சூடம் அணைப்பேன், கத்தோலிக்கச்சி ஆனாலும்.

தகட்டையும் மைக்ராஸ்கோப்பையும் கொண்டுவந்து, தேவசகாயம் வீட்டுத் திண்ணையில் காபி குடித்துக்கொண்டிருந்தவர் முன்னால் வைத்துக் காட்டினேன். மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றாமல் குனிந்து ஒரு நொடி பார்த்தார். சாயத் தூசி, உனக்குச் சரியாகக் கழுவத் தெரியவில்லை என்றார். நான் விடவில்லை. தேவசகாயம், ஏழுமலை, கம்பவுண்டர், ஜீப் டிரைவர் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, புத்தகத்தில் இருந்ததை வரி வரியாகச் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. நான்கு பேர் முன்னால் ஒரு பெண் சொன்னதை ஒத்துக்கொண்டு அவர் எப்படி ஜீப்பில் ஏறுவார்? சர்ரா ஊசி போடச் சொல்லி உத்தரவிட்டார், மறுநாள் எனக்கு மெமோ அனுப்பினார்.

நான் சர்ரா ஊசியையும் போட்டேன், கூடவே அவருக்குத் தெரியாமல், உண்ணிக் கிருமியைக் கொல்கிற டெட்ராசைக்ளினையும் நரம்பில் ஏற்றினேன். குதிரை சீக்கிரமே தலையைத் தூக்கியது, கொள்ளு தின்றது. மேலதிகாரி தன் சர்ரா ஊசியின் பெருமையைக் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மனிதர்மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் ஆறவில்லை. ஆனால் அந்தச் சண்டையில் ஒன்று தெரிந்துகொண்டேன். பெரிய மனுஷனுக்கு உண்மையை நேராகக் கொடுத்தால் இறங்காது. அவர் வாயிலிருந்தே அது வர வேண்டும்.

ராஜாவைத் திரும்பப் பார்க்கப் போனபோது தேவசகாயம் எரிச்சலோடு நின்றிருந்தார். குதிரை தேறிவிட்டது, உண்ணி எடுக்க ஆள் இல்லை, ஊர்வலம் வரிசையாக இருக்கிறது என்றார். கஸ்தூரிக்கு என்ன என்று கேட்டேன். "அம்மையாம். அந்தப் பக்கம் போயிராதீங்க" என்றார். அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேசிய விதத்தில், அம்மை தரையில் ஊர்ந்து வரும் என்று நினைத்தார் போலிருக்கிறது.

குடிசை வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது. ஏழுமலை வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அவனுடைய அம்மா வாசலை மறித்து நின்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு, கால் கழுவிக்கொண்டு வந்தால் பார்க்கலாம், தொடக் கூடாது என்றாள். கழுவிக்கொண்டு போனேன்.

கஸ்தூரி வேப்பிலைமேல் கிடந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. கண் ரத்தச் சிவப்பு. தலை பிளக்கிறது, தலை பிளக்கிறது என்று முனகிக்கொண்டிருந்தவள், ஏழுமலை உள்ளே வந்தபோது, யாருடா நீ என்று கேட்டாள். அவன் அழுதுகொண்டே வெளியே போய்விட்டான். நான் அவள் கையைத் திருப்பினேன். மாமியார் சத்தம் போட்டாள், நான் காதில் வாங்கவில்லை. உள்ளங்கை முழுக்கச் சிவப்புப் புள்ளி. மணிக்கட்டிலும் கணுக்காலிலும் அடர்த்தி, உள்ளங்காலிலும் அப்படியே. ஒன்றில்கூட நீர் கோக்கவில்லை. அம்மை எனக்கே வந்திருக்கிறது, என் தம்பி தங்கைகளுக்கு வந்திருக்கிறது. இது அந்த வகை இல்லை. விரல்களைப் பார்த்தேன். இரண்டு கட்டைவிரல் நகங்களின் ஓரத்திலும் கருப்பாக உறைந்த கறை இருந்தது.

உண்ணியிலிருந்து மனிதருக்கு வருகிற காய்ச்சல் ஒன்று உண்டு. கடித்தால்தான் வரும் என்றில்லை. நசுக்கிய உண்ணியின் சாறு விரலில் உள்ள கீறலிலோ கண்ணிலோ பட்டால் போதும். சரியான மருந்தைச் சீக்கிரம் கொடுத்தால் அப்படியே அடங்கிவிடும். விட்டால் ரத்தக் குழாய்களெல்லாம் கெட்டு, சிறுநீர் நின்று, ஆள் போய்விடுவார். கஸ்தூரி அந்த இரண்டாவது வழியில் வெகுதூரம் போயிருந்தாள்.

டாக்டர் யாரும் பார்க்கவில்லையா என்று கேட்டேன். பார்த்தாராம். திருமுல்லைவாயிலில் கிளினிக் வைத்திருந்த ஒரு எம்.பி.பி.எஸ். டாக்டர் ஸ்கூட்டரில் வந்து, வேப்பிலையைத் தாண்டாமல் வாசலிலிருந்தே எட்டிப் பார்த்து, அம்மைதான், மருந்து வேண்டாம், இளநீர் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு ஃபீஸ் வாங்கிக்கொண்டு போனாராம். என் மேலதிகாரி சாணத்துக்கு அந்தப் பக்கம் நின்றார், இவர் வேப்பிலைக்கு அந்தப் பக்கம் நின்றார். இருவரும் உறவினர்களாக இருந்தால்கூட ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன்.

இது அம்மை இல்லை, ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள் என்றேன். மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீ குதுரைக்கு ஊசி போட்றவ. ஆத்தா எறங்கிக்கிற ஊட்ல ஊசி மருந்து ஆவாது, படியத் தாண்டவும் கூடாது. படிச்ச டாக்டரே ஆத்தான்ட்டு பூட்டாரு. அவரே வந்து இல்லேன்னு சொல்லட்டும், நானே தூக்கிகினு ஓடுறேன்" என்றாள்.

இந்தக் கட்டுரையில் நான் திட்டாத ஒரே ஆள் அந்தம்மாள்தான். அவள் டாக்டரைக் கூப்பிட்டாள், அவர் சொன்னதைக் கேட்டாள். அதற்கு மேல் ஒருத்தி என்ன செய்ய முடியும்? அறியாமை, மூடநம்பிக்கை என்று மேடையில் பேசுகிறீர்களே, அந்த மூடநம்பிக்கைக்கு அன்று கையெழுத்துப் போட்டவர் எம்.பி.பி.எஸ்.

என் பையில் ராஜாவுக்குப் போட்டதுபோக மீதி டெட்ராசைக்ளின் இருந்தது. அதை எடுத்துக் குத்திவிடலாமா என்று கை பரபரத்தது. உங்களுக்கும் ஒருநாள் பரபரக்கும். செய்யாதீர்கள். சட்டம் தடுக்கிறது என்பது ஒரு பக்கம். மிருகத்துக்கான மருந்து, மயங்கிக் கிடக்கிற மனுஷி, அளவு தெரியாத நான். அவள் என் ஊசியில் செத்திருந்தால், குதிரை டாக்டர் கொன்றுவிட்டாள் என்பதுதான் ஊர்ப் பேச்சாக இருக்கும், உண்ணி தப்பித்துவிடும். பையை மூடிவிட்டு என் மொபெட்டை எடுத்துக்கொண்டு திருமுல்லைவாயிலுக்குப் போனேன்.

கிளினிக்கில் கூட்டம். வரிசையில் உட்கார்ந்து, முறை வந்ததும் உள்ளே போய், மரியாதையாக எல்லாவற்றையும் சொன்னேன். உள்ளங்கைப் புள்ளியைச் சொன்னேன், நகத்தில் நசுக்குவதைச் சொன்னேன், உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்தார். "குதிரைக்கு வர்றதெல்லாம் மனுஷனுக்கு வருமா மேடம்? நாளைக்குக் கோழி டாக்டர் வந்து எனக்குக் கோழிக் கழிச்சல்னு சொல்லுவார் போலிருக்கே" என்றார். காத்திருந்த நோயாளிகளும் சிரித்தார்கள்.

எனக்கு மண்டைக்குள் சூடேறியது. வாயைத் திறந்திருந்தால் ராஜாவின் லாயத்தில் நடந்ததே இங்கும் நடந்திருக்கும். அவர் சிவந்திருப்பார், நான் ஜெயித்திருப்பேன், கஸ்தூரி விடியலைப் பார்த்திருக்க மாட்டாள். நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். இந்த மனிதருக்கு உண்ணி தேவையில்லை. இவர் அம்மை என்று சொன்னதை இவரே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அப்போதுதான் டைபாய்டு ஞாபகம் வந்தது. அன்று டைபாய்டு என்றால் எல்லா டாக்டர்களும் கண்ணை மூடிக்கொண்டு குளோரம்ஃபெனிக்கால் எழுதுவார்கள். அந்த மருந்து உண்ணிக் காய்ச்சலையும் அடிக்கும். தப்பான நோயைச் சொல்லி இவர் சரியான மருந்தை எழுதுவார்.

குரலைத் தாழ்த்திக்கொண்டேன். நீங்கள் சொல்வதுதான் சரி, எனக்கு மனுஷ வைத்தியம் என்ன தெரியும் என்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "ஒரு சந்தேகம் சார். டைபாய்டுல உடம்புல செவப்புப் புள்ளி வரும்னு எப்பவோ படிச்சேன். அதெல்லாம் நெஜமா, இல்ல புத்தகத்துல மட்டும்தானா?" என்று கேட்டேன்.

அவர் முகம் மலர்ந்தது. ரோஜா நிறப் புள்ளிகள், இந்தக் காலத்து டாக்டர்கள் யாரும் கவனிப்பதே இல்லை என்று எனக்குப் பாடம் எடுத்தார். டைபாய்டுப் புள்ளி வயிற்றில்தான் வரும், உள்ளங்கையில் வராது என்பது எனக்கே தெரியும். தலையை ஆட்டிக்கொண்டு கேட்டேன். பாடம் முடிந்தபோது அவரே, நானும் முதலிலேயே அப்படித்தான் சந்தேகப்பட்டேன், வெளிச்சம் போதவில்லை என்றார். நல்ல வெயில் நேரத்தில் பார்த்துவிட்டு வந்த மனிதர். உங்கள் கண்ணுக்குத் தப்புமா சார் என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன மிக அருவருப்பான வாக்கியம் அதுதான், அதைப் போலப் பயன்பட்ட வாக்கியமும் வேறு இல்லை.

ஸ்கூட்டரில் வந்தார். இந்தத் தடவை வேப்பிலையைத் தாண்டி உள்ளே போனார். வயிற்றை அழுத்திப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், உள்ளங்கையைப் பார்க்கவே இல்லை. வெளியே வந்து, இது அம்மை இல்லை, டைபாய்டு, நான் வந்ததால் பிழைத்தாள் என்று அறிவித்தார். மாமியார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். வேப்பிலையை ஒதுக்கிவிட்டு அவளே ஒரு பக்கம் பிடிக்க, கஸ்தூரியை ஆட்டோவில் ஏற்றினார்கள். கிளினிக்கில் இருந்த ஒரே கட்டிலில் படுக்க வைத்து குளுக்கோஸும் குளோரம்ஃபெனிக்காலும் ஏற்றினார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டினேன். பயமாக இருந்தது, மருந்து பிந்திவிட்டதோ என்று.

பிந்தவில்லை. காய்ச்சல் இறங்கியது. ஏழுமலை போய் நின்றபோது, குதிரைக்குத் தண்ணி வெச்சியா என்று அவள் கேட்டாளாம். அவன் அதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

பிறகு நடந்ததுதான் தமாஷ். டைபாய்டு என்று டாக்டர் சொல்லிவிட்டதால் சுகாதாரப் பணியாளர்கள் வந்து லாயத்துக் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் கொட்டினார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று தேவசகாயத்துக்கு அறிவுரை சொன்னார்கள். அவர்கள் கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது லாயத்து நாய் ஒன்று அவர்கள் காலடியில் உட்கார்ந்து காதைச் சொறிந்துகொண்டிருந்தது. உண்ணியைப் பற்றி அவர்களிடம் சொன்னேன், அது கால்நடைத் துறை என்றார்கள். என் மேலதிகாரியிடம் சொன்னேன், மனிதக் காய்ச்சல் சுகாதாரத் துறை என்றார். ஆக, உண்ணிக்கு எந்தத் துறையும் இல்லை. இன்றுவரை நம் வட்டாரத்தில் அந்தக் காய்ச்சல் அரிது என்று யாராவது உங்களிடம் சொன்னால், எப்படி அரிதானது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ராஜாவுக்கு வந்த கிருமி வேறு, கஸ்தூரிக்கு வந்த கிருமி வேறு. குதிரை அவளுக்கு நோயைக் கொடுக்கவில்லை. பல்லவன் பஸ் மாதிரி உண்ணியும் பலரை ஏற்றிக்கொண்டு வருகிறது, ஒருவர் குதிரையிடம் இறங்குவார், இன்னொருவர் நாயிடம், மற்றொருவர் மனுஷியிடம். குதிரைக்கு உண்ணிக் காய்ச்சல் என்று கண்டுபிடித்துவிட்டு, அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆளைப் பார்க்காமல் வருகிறவர் பாதி டாக்டர். குதிரை பிழைத்தது என்று நானும் திரும்பி வந்திருக்கலாம்.

தேவசகாயத்திடம் மருந்து தெளிக்கச் சொல்லித் திரும்பவும் மன்றாடினேன். ஆனி முகூர்த்தம் முடியட்டும் என்றார். டைபாய்டுக்கும் உண்ணிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். கேட்பார்தான், அந்தப் பொய்யைக் கட்டியவளே நான்தானே. அதற்காக நான் வருத்தப்படவில்லை. ஆனால் ஒரு பொய்யை வைத்து ஒருத்தியைக் காப்பாற்றினால், அடுத்தவளைக் காப்பாற்ற அந்தப் பொய் உதவாது. இதை எந்தப் பாடத்திட்டத்திலும் நீங்கள் படிக்க மாட்டீர்கள்.

அடுத்த முறை லாயத்துக்குப் போனபோது, கஸ்தூரி மெலிந்து கறுத்துப்போய், முக்காலியை எடுத்துக்கொண்டு ராஜாவை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு முக்காலியைக் கீழே வைத்தாள்.

"கிளினிக்ல டைபாய்டுன்றாங்க. மாமியா ஆத்தாதான் வந்துட்டு மனசு எறங்கி பூட்டான்னு சொல்லிகினு கீது. நீங்க அன்னிக்கு வந்து என் கைய திருப்பிப் பாத்தீங்களாமே. மெய்யாலுமே எனக்கு இன்னாம்மா வந்துச்சு?" என்றாள்.

சொன்னேன். உண்ணியை, நகத்தை, கண்ணைத் துடைத்ததை, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தன் கட்டைவிரல்களைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். தனக்கு முன்னால் இந்த வேலையைச் செய்தது தன் அக்கா என்றாள். போன வெயில் காலத்தில் அக்காவுக்கு ஆத்தா வந்தது, குடிசைக்குள்ளேயே வைத்திருந்தார்கள், அங்கேயே செத்துப்போனாள் என்றாள்.

"அதுக்கும் இதே மாரி உள்ளங்கையெல்லாம் செவந்து கெடந்துச்சு. எனக்கு ஏத்துன மருந்த அதுக்கு ஏத்திருந்தா பொயச்சிருக்குமாம்மா?"

மேலதிகாரிக்குத் தெரியாமல் டெட்ராசைக்ளின் ஏற்றியவள் நான், கிளினிக் டாக்டரைப் புகழ்ந்தவள் நான். பொய் சொல்வது எனக்கு அன்று புதிதில்லை. அது வேறு காய்ச்சலாக இருந்திருக்கலாம், யாருக்குத் தெரியும் என்று சொல்லியிருந்தால் அவள் நிம்மதியாகப் போயிருப்பாள். அது முழுப் பொய்கூட இல்லை, நான் அக்காவைப் பார்த்ததில்லை. ஆனால் அவள் முகத்துக்கு எதிரில் அது எனக்கு வரவில்லை. "பொழச்சிருப்பா" என்றேன்.

கஸ்தூரி அழவில்லை. "ஆத்தா கூட்டிகினு பூட்டான்னு நாங்க பொங்க வெச்சோம்மா" என்றாள். முக்காலியை அங்கேயே விட்டுவிட்டுக் குடிசைப் பக்கம் நடந்தாள். நான் குதிரையைப் பார்க்காமலேயே திரும்பிவிட்டேன். மொபெட்டில் போகும்போது கண் மறைத்தது, ஏரிக்கரையில் நிறுத்தி உட்கார்ந்து அழுதேன். யாருக்காக என்று கேட்காதீர்கள், அந்த அக்காவின் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

கஸ்தூரி அந்த உண்ணிக் கதையைக் குழாயடியில் சொன்னாள், ரேஷன் வரிசையில் சொன்னாள், ஏரியில் துணி துவைக்கிற இடத்தில் சொன்னாள். நானும் இரண்டு துறைகளும் செய்யாததை அவள் ஒரு வாரத்துக்குள் செய்துமுடித்தாள். தேவசகாயம் கூலியைக் கூட்டிக் கொடுப்பதாகச் சொல்லியும் அயனம்பாக்கத்தில் ராஜாவுக்கு உண்ணி எடுக்க ஒரு பெண்ணும் வரவில்லை. ஏழுமலையும் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கடைசியில் மனிதர் மருந்தகத்துக்கே வந்தார். தெளிப்பு மருந்து வேண்டும் என்றார், வேறு ஆள் இல்லாததால் தானேதான் தெளிக்க வேண்டியிருக்கிறது என்றார். எப்படிக் கலக்க வேண்டும், எங்கெல்லாம் அடிக்க வேண்டும் என்று விளக்கிச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். புட்டியை வாங்கியவர் வாசல்வரை போய்விட்டு, முகத்தில் கவலையோடு திரும்பி வந்தார்.

"இது கையில பட்டா எனக்கு ஒண்ணும் ஆயிராதே மேடம்?" என்று கேட்டார்.